உமி உடையாத மெஷின்

வாங்க தம்பி, படி கொஞ்சம் செங்குத்து, பாத்து ஏறுங்க. இந்தக் கைப்பிடி நானே வெல்டிங் பண்ணிப் போட்டதுங்க. யானை சாஞ்சாலும் அசையாது.

இதுதான் ஹாலு. அது சமையக்கட்டு, அந்தப் பக்கம் ரெண்டு ரூமு. சிறுவாணித் தண்ணி வருது, போர் தண்ணியும் இருக்குது. இந்தக் கணபதி ஏரியாவுல இத்தன வெளிச்சமான வீடு உங்களுக்குக் கெடைக்காது. கிரில்லா? ஆமாங்க, பால்கனி பூராவும் கிரில்தான். ஜன்னலுக்கும் கிரில். படிக்கட்டுக்குக் கீழ ஒரு கிரில்கேட்டு இருக்குது, வரும்போது பாத்திருப்பீங்க. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குங்க. குருவிகூட உள்ள வராது.

ஒரே ஒரு கண்டிசன். இந்த வீட்டுக்குள்ள குடி வாசமே வரக்கூடாது. மத்தபடி நான் எதுலயும் தலையிட மாட்டனுங்க. நீங்க என்ன சமைக்கிறீங்க, எத்தன மணிக்கு வர்றீங்க, யாரு வந்து போறாங்க, அதெல்லாம் நமக்கெதுக்கு? வாசல்ல செருப்ப மட்டும் தாறுமாறா விடக்கூடாது. ஜன்னல் திரைய மாத்தறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவ்வளவுதான். உக்காருங்க, அந்த நாற்காலி ஒண்ணுதான் இருக்குது. நான் நின்னுக்கறேன். லேத்துல நாப்பது வருசம் நின்ன காலு.

இதுக்கு முன்னாடி யாரு இருந்தாங்கன்னு கேட்டீங்கல்ல? எம் பொண்ணு பிரவீணாவும் மாப்பிள்ளையும்தான் இருந்தாங்க. நந்தகோபன்னு பேரு. தங்கமான மனுசன், அதுல சந்தேகமே இல்லீங்க. கம்பெனிக்காரங்க அனுப்பி ரெண்டு வருசம் ஜெர்மனியில இருந்துட்டு வந்தவரு. இப்ப வீட்ல உக்காந்தே கம்ப்யூட்டர்ல வேலை. கல்யாணமானதும் சரவணம்பட்டியில தனியா ஒரு வீடு பாத்து அட்வான்ஸ்கூடக் குடுத்துட்டாங்க. நான் விடுவனுங்களா? நேராப் போனேன், அந்த வீட்டுக்காரர்கிட்டப் பேசி அட்வான்ஸத் திருப்பி வாங்கிட்டு வந்து மாப்பிள்ளை கையில குடுத்தேன். அவரு அதை எண்ணிக்கூடப் பாக்கல. அவ்வளவு சந்தோசம்.

வந்த புதுசுல மாப்பிள்ளை எங்கூட அதிகம் பேச மாட்டாரு. நான் தெனமும் காலையில மேல வந்து, குழாய் ஒழுகுதா, ஃபேன் சத்தம் போடுதான்னு பாத்துட்டுப் போவேன். "வாங்க மாமா"ம்பாரு. அதோட சரி, கம்ப்யூட்டரப் பாத்துத் திரும்பிக்குவாரு. ஒரு வருசம் அப்படியே போச்சு. எனக்கு மனசுக்குள்ள ஒரு குறைதான். நமக்குப் பையனில்லை. வந்தவரு வாய் தொறந்து பேசுனா நல்லாருக்கும்னு தோணாதுங்களா?

போன தை மாசம் மொட்டை மாடிக்குப் போனா, வெள்ளத்துணி விரிச்சு பார்லி காயுதுங்க. கடையில விக்கிற வெள்ளைப் பார்லி இல்லை, உமியோட இருக்கறது. வடக்கே எங்கிருந்தோ வரவழைச்சிருக்காரு. ஊறவெச்சு, முளைகட்டி, காயப்போட்டிருக்காரு. எடுத்து மென்னு பாத்தேன், இனிப்பா இருந்துச்சு. அடடா, முளைகட்டின தானியம்! சத்துமாவுக் கஞ்சிக்குத்தான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. பொண்ணுக்கு அப்ப உடம்பு கொஞ்சம் இளைச்சிருந்துச்சு. மாப்பிள்ளைக்கு எத்தன அக்கறைன்னு கண்ணே கலங்கிருச்சுங்க.

"மாமா, இதை அரைக்க ஒரு மெஷின் வேணும். எது வாங்கறதுன்னு ஒரு மாசமாப் பாத்துட்டிருக்கேன்"ன்னாரு.

ஒரு மாசமா! வீட்டுக்குக் கீழயே பட்டறை. கோயமுத்தூர்ல கிரைண்டருக்குப் பாகம் செய்யற மாமனாரு. இவரு கம்ப்யூட்டர்ல தேடிட்டிருக்காரு. "என்ன பதம் வேணும், சொல்லுங்க"ன்னேன்.

அவரு ஒரு பார்லியக் கையில எடுத்து நகத்தால கீறிக் காட்டுனாரு. "உள்ள இருக்கற பருப்பு நாலஞ்சு துண்டா உடையணும் மாமா. மாவாகக் கூடாது. ஆனா உமி கிழியாம முழுசா இருக்கணும். வடிகட்டறப்போ உமிதான் நமக்குச் சல்லடை."

வடிகட்டறதான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். சரி, காய்ச்சக்காரங்களுக்குக் கஞ்சித்தெளிவு குடுக்கறதில்லைங்களா, அந்த மாதிரின்னு நானே எடுத்துக்கிட்டேன். உள்ளது உடையணும், மேல இருக்கறது உடையக்கூடாது. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க. நாப்பது வருசத்துல இப்படி ஒரு வேலை எவனும் எங்கிட்டக் கேட்டதில்லை.

மொதல்ல மிக்சியில போட்டோம். பாதி மாவு, பாதி முழுசு, சூடு வேற. கிரைண்டரு ஈரத்துக்குத்தான், அதைத் தொடவே இல்லை. அப்புறம் சத்தி ரோட்டு மாவு மில்லுக்கு நானே தூக்கிட்டுப் போனேன். கல்லை நல்லாத் தூக்கி வெச்சு அரைக்கச் சொல்லியும் மாவாத்தான் வந்துச்சு. எங்களுக்கு முன்னாடி யாரோ மிளகாய் அரைச்சிருந்தாங்க. மாப்பிள்ளை மோந்து பாத்துட்டுத் தும்முன தும்மல்ல பிரவீணா விழுந்து விழுந்து சிரிச்சா. மாட்டுத்தீவனம் ஒடைக்கிற மெஷினு ஒண்ணு அன்னூர்ல கூட்டாளி பட்டறையில இருந்துச்சு, அதுல அடிச்சா உமி தூள்தூளாப் போச்சு. கடைசியா மாப்பிள்ளை, கையால சுத்தற மெஷின் ஒண்ணு வரவழைச்சாரு. ரெண்டு தட்டு ஒண்ணோட ஒண்ணு உரசும். தட்ட நெருக்குனா உமி கிழியும், தள்ளி வெச்சா பார்லி முழுசா விழும். அவரு பொறுமையா இந்தப் பக்கம் கால் சுத்து, அந்தப் பக்கம் கால் சுத்துன்னு திருகிட்டிருப்பாரு. நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு உமியா எண்ணுவேன். நூத்துல முப்பது முழுசு. நூத்துல நாப்பது முழுசு.

தெரியுங்களா தம்பி, அந்த ரெண்டு மாசம் மாதிரி ஒரு காலம் எனக்கு வந்ததே இல்லை. காலையில எந்திரிச்சா மேல ஓடிருவேன். சில நாள் அவங்க தூங்கிட்டிருப்பாங்க, எங்கிட்ட ஒரு சாவி இருக்குது, தொறந்து உள்ள போயி உக்காந்திருப்பேன். மாப்பிள்ளை கண்ணக் கசக்கிட்டு வருவாரு. "மாமா, தட்டு சரிப்படாது, உருளைதான் சரி"ம்பாரு. நானும் அதையேதான் யோசிச்சிருப்பேன்.

காந்திபுரத்துல ஒரு நாள் கரும்புச்சாறு குடிச்சிட்டிருந்தேன். ரெண்டு உருளை, நடுவுல கரும்பு. சக்கை முழுசா வெளிய வருது, சாறு தனியா எறங்குது. டம்ளரக் கீழ வெச்சுட்டு அப்படியே வந்துட்டனுங்க. அன்னிக்கே இரும்பு வாங்குனேன். கரும்பு மெஷின்ல மாதிரி பெரிய பல்லு வேண்டாம், உருளை மேல பொடிப்பொடியாச் சொரசொரப்பு வெட்டுனேன், தானியத்தப் பிடிச்சு இழுக்கணும்ல. ஒரு உருளைக்குத்தான் மோட்டாரு. இன்னொண்ணு சும்மா கூடச் சுத்தும். வேகம் கூடாது, வேகம் கூடுனா உமி கிழிஞ்சுரும். நடுவுல சந்து ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஒரு தலைமுடி அளவு கூட்டிக் கொறைச்சுப் பதினேழு தடவ ஓட்டிப் பாத்தோம். பதினெட்டாவது தடவ மாப்பிள்ளை ஒரு கைப்பிடி அள்ளி வெளிச்சத்துல காட்டுனாரு. உமியெல்லாம் ஈசல் றெக்கை மாதிரி முழுசா இருக்குது, உள்ள பருப்பு மட்டும் நாலா உடைஞ்சு கெடக்குது. "மாமா!"ன்னு என்னையக் கட்டிப் பிடிச்சாரு பாருங்க. என்னை எங்கப்பாகூட அப்படிக் கட்டிப் பிடிச்சதில்லை.

எம் பொண்டாட்டி தெய்வானைகிட்டச் சொன்னேன். "அந்தக் கஞ்சிய நமக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லு." அவ சொல்றா, "உங்களுக்கு எதுக்குங்க கஞ்சி? நீங்க மெஷினச் செய்ங்க." ஞாயித்துக்கெழமை மத்தியானம் பலகாரம் எடுத்துக்கிட்டு மேல வருவா. ஒரு மணி நேரம் கழிச்சு மூஞ்சியெல்லாம் செவந்து சிரிச்சுக்கிட்டு எறங்குவா. அவளுக்கும் ஒண்ணும் தெரியாதுங்க, பாவம்.

என்ன தெரியாதுன்னு பாக்கறீங்களா? சொல்றேன். அதுக்கு முன்னாடி எந் தம்பியப் பத்திச் சொல்லோணும்.

மயில்சாமின்னு பேரு. எங்கூடத்தான் லேத்துல நின்னான். கை அவ்வளவு சுத்தம். குடிக்கு விழுந்துட்டான். நான் பண்ணாத வைத்தியம் இல்லை. கடைசியா இந்த ரூம்லதான், அதோ அந்த ரூம்லதான், உள்ள வெச்சுப் பூட்டுனேன். பயப்படாதீங்க, இங்க ஒண்ணும் ஆகலை. மூணு நாள் சோத்த ஜன்னல் வழியாக் குடுத்தேன். அவன் நல்லதுக்குத்தானுங்களே? மூணாம் நாள் கதவுக் கீல் ஆணியக் கழட்டிட்டு, பால்கனியில எறங்கிப் போயிட்டான். அதுக்கப்புறம்தான் இந்தக் கிரில்லு. ரெண்டு வருசம் கழிச்சு ஈரோட்டு ஆஸ்பத்திரியிலருந்து ஆள் வந்து சொன்னாங்க. போனேன். முடிஞ்சிருந்துச்சு.

அதுலருந்து எனக்கு ஒரே வெறி. எங்க மெயின் ரோட்டுல இருந்த சாராயக்கடைய மூட வெக்க நாப்பத்தொரு நாள் பந்தல் போட்டு உக்காந்தோம். ராஜாமணியக்கான்னு ஒரு அம்மா, புருசனக் குடிக்குக் குடுத்தவங்க, அவங்க தலைமையில எரநூறு பொம்பளைங்க. நான்தான் முன்னால. கடைய மூடுனாங்க. இன்னிக்கும் இந்தத் தெருவுல யாராச்சும் குடிச்சுட்டு வந்தா என் வீட்டக் கடக்கறப்போ சத்தமில்லாம நடப்பாங்க. அப்படி ஒரு பேரு.

சித்திரை மாசம், வெயில் கொளுத்துது. சாயங்காலம் நாலு மணி. கீழ பட்டறை முன்னால ராஜாமணியக்காவும் பத்துப் பன்னெண்டு பேரும் உக்காந்திருக்காங்க, அடுத்த ஊர்லயும் கடைய மூடச்சொல்லி மனு எழுதறோம். திடீர்னு மேல டமார்னு ஒரு சத்தம். கண்ணாடி செதறுது. அப்புறம் இன்னொண்ணு. மூணு, நாலு. சரவெடி மாதிரி. படிக்கட்டு வழியா நொரையா ஒரு தண்ணி எறங்கி வருதுங்க, தேன் கலருல. வாசம் வந்துச்சு.

எந் தம்பி மொதமொதல்ல குடிக்க ஆரம்பிச்சது பீருதான் தம்பி. அவன் சட்டைய நான் மோந்திருக்கேன். எனக்கு எப்படி மறக்கும்?

"ஏனுங்ணா, என்னுங்ணா சத்தம்?"னு ராஜாமணியக்கா எந்திரிக்கிறாங்க. என் வாய் தானாச் சொல்லுச்சு: "மாப்பிள்ளை பார்லிக் கஞ்சி பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தாருங்க. வெயிலுக்குப் புளிச்சு வெடிச்சிருச்சு."

"கஞ்சி இப்படி நொரைக்குமுங்ளா?"ன்னு ஒரு புள்ள கேட்டுச்சு. "முளைகட்டுனது அப்படித்தான்"னு ராஜாமணியக்காவே பதில் சொல்லிட்டாங்க. என்மேல அவங்களுக்கு அத்தன நம்பிக்கை. வீட்ல காய்ச்சறது சட்டப்படி எவ்வளவு பெரிய குத்தம், அதுவும் அந்த மெஷின் என் கையால செஞ்சது. நான் மனுவுல கையெழுத்துப் போட்டேன். பேரையே தப்பா எழுதி அடிச்சுத் திருத்துனேன். வயசாயிருச்சுங்ணான்னாங்க.

எல்லாரும் போனதும் மேல வந்தேன். பிரவீணா கண்ணாடியக் கூட்டிட்டிருந்தா. மாப்பிள்ளை கையில ரத்தம், துணி சுத்தியிருந்தாரு.

"என்னது இது?"

"பீர், மாமா. கொஞ்சம் அவசரப்பட்டு பாட்டில மூடிட்டேன், கேஸ் ஜாஸ்தியாயிருச்சு."

அவ்வளவு சாதாரணமாச் சொல்றாரு! ஏதோ பால் பொங்கிருச்சுங்கற மாதிரி. நான் நிக்கறதப் பாத்ததும்தான் அவரு மொகம் மாறுச்சு. "மாமா... உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கூட நிக்கறீங்கன்னு நெனச்சேன். எனக்காக மனசு எறங்கிட்டீங்கன்னு பிரவீணாகிட்ட எத்தன தடவை சொல்லியிருக்கேன்."

நான் பொண்ணப் பாத்தேன். "அம்மிணி, உனக்குத் தெரியுமா?"

அவ தொடப்பத்தக் கீழ வெச்சா. "நானும்தான் ஞாயித்துக்கெழமை ஒரு டம்ளர் குடிக்கிறேன். நீங்க எதுக்குன்னு கேக்கவே இல்லையேப்பா. எப்படின்னு மட்டுந்தான் கேட்டீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். இந்த வீட்ல நாங்க செஞ்ச ஒரே ஒரு காரியம் இதுதான். அதுலயும் நீங்க வந்து உக்காந்துக்கிட்டீங்க. சரி, இதாவது சந்தோசமா இருக்குதேன்னு விட்டுட்டேன்."

என்ன பேச்சு பாருங்க! நான் உதவி செஞ்சது உக்காந்துக்கிட்டதாமா. ஒரு வார்த்தை திட்டலீங்க நான். எல்லாத்தையும் கக்கூஸ்ல ஊத்தச் சொன்னேன், ஊத்துனாரு. மெஷினத் தூக்கிக்கிட்டுக் கீழ போனேன். சூடு ஆறட்டும், நாளைக்குப் பேசிக்கலாம்னு அந்தப் படிக்கட்டுக் கிரில்கேட்டப் பூட்டி, சாவியச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். ஒரு ராத்திரிதானுங்களே. எங்க போகப் போறாங்க?

காலையில ஆறு மணிக்குப் பாத்தா கேட்டு தெறந்து கெடக்குது. மேல ஆளில்லை. துணி, கம்ப்யூட்டரு, ஒண்ணுமில்லை. அந்தச் சாவி என் சட்டைப் பையிலருந்து எப்படிப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலீங்க. தெய்வானைகிட்டக் கேட்டா, காப்பிய ஆத்திக்கிட்டே, "எனக்கென்னங்க தெரியும்"ங்கறா. அவளுக்கும் தூக்கமில்லை போல, கண்ணு வீங்கியிருந்துச்சு.

பெங்களூருக்குப் போயிட்டாங்க. மூணு மாசம், ஒரு போன் இல்லை. எனக்கு இல்லை. தெய்வானை பேசறாளான்னு நான் கேக்கலை. தெனமும் மேல வந்து இந்தக் காலி வீட்டக் கூட்டித் தொடைச்சுட்டுப் போறா. தூசியே இருக்காது, ஆனாலும் கூட்டுவா. ஒரு நேரம் சாப்புடறா, ஒரு நேரம் இல்லை. அதனாலதான் வாடகைக்கு விட்டுரலாம்னு போர்டு மாட்டுனேன். உங்களுக்கு முன்னாடி ஒம்போது பேரு வந்து பாத்தாங்க. எல்லாரும் நல்லாருக்குதும்பாங்க, போன் பண்றோம்பாங்க.

கொஞ்சம் இருங்க தம்பி, முடிச்சர்றேன். வர்ற ஞாயித்துக்கெழமை எனக்குப் பாராட்டு விழாங்க. மதுவிலக்குக்குப் பாடுபட்டதுக்கு. கல்யாண மண்டபம் புடிச்சாச்சு, நோட்டீஸ் அடிச்சாச்சு, எம் போட்டோ போட்டு. செவ்வாக்கெழமை ராஜாமணியக்கா வீட்ல உக்காந்து எனக்குப் போர்த்தற பொன்னாடை என்ன கலர்னு பேசிட்டிருக்காங்க. போன் அடிக்குது. மாப்பிள்ளை.

வெளிய வந்து எடுத்தேன். எப்படியிருக்கீங்கன்னு கேப்பாரு, மன்னிச்சிருங்கன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். "மாமா, கடையில ஒரு மெஷின் வாங்கியிருக்கேன். ரெண்டு உருளைதான். ஆனா தானியத்த இழுக்க மாட்டேங்குது, மேலயே நின்னு வழுக்குது"ன்னாரு.

நான் போன வெச்சிருக்கணும்ல? நீங்களே சொல்லுங்க. "சொரசொரப்புத் தேஞ்சிருக்கும், வெரல வெச்சுத் தடவிப் பாருங்க"ன்னேன். தடவிட்டு, "வழவழன்னு இருக்குது மாமா"ன்னாரு. கூடச் சுத்தற உருளை சிக்குதா, சந்து ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவா இருக்குதான்னு கேட்டேன். நாப்பது நிமிசம் பேசியிருக்கேன், வெயில்ல நின்னுக்கிட்டு. நடுவுல பின்னால குக்கர் விசில் சத்தம் கேட்டுச்சு. பிரவீணா யார்கிட்டயோ என்னமோ சொல்லிச் சிரிச்சா. அவ போனுக்கு வரலை. நானும் குடுங்கன்னு கேக்கலை. வெக்கும்போது மாப்பிள்ளை சொன்னாரு, "மாமா, நேர்ல வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும். ஞாயித்துக்கெழமைதான் எனக்கு லீவு."

உள்ள போனேன். "யாருங்ணா?"ன்னாங்க. கஸ்டமருன்னேன். பச்சக் கலர் முடிவு பண்ணியிருந்தாங்க.

இந்த மூணு நாளா நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அந்த மேடையில ஏறி உக்காந்தா எந் தம்பி மொகம் முன்னால வந்து நிக்கும். ஏறலைன்னா ஊரே கேக்கும். அங்க போனா, என்னத்துக்கு அந்த மெஷினுன்னு தெரிஞ்சே கையில ஸ்பேனரு புடிக்கணும். போகலைன்னா அந்த வாசல் அதோட மூடிரும். பட்டறைக்குள்ள இங்கயும் அங்கயுமா நடந்தேன். லேத்தப் போட்டேன், அணைச்சேன். மறுபடி போட்டேன். அப்படியே ரெண்டு உருளை கடைஞ்சு முடிச்சிருக்கேன், புதுசா, அவரு சொன்ன அளவுக்கு. எப்ப கடைஞ்சேன்னே தெரியலை.

ராஜாமணியக்காகிட்ட, பிரஷர் ஏறிருச்சு, டாக்டரு படுத்தே இருக்கச் சொல்லிட்டாருன்னு இன்னிக்குக் காலையில சொல்லிட்டேன். அவங்க அழுதுட்டாங்க. விழாவத் தள்ளி வெக்கறாங்களாமா. தள்ளி வெச்சா என்ன, அடுத்த மாசம் அதே மேடைதான், அதே பச்சப் பொன்னாடைதான். எங்க தப்பிச்சுப் போறது?

தெய்வானைகிட்ட, பெங்களூர்ல கூட்டாளி வீட்டுக் கல்யாணம், நீயும் வான்னு சொன்னேன். யாரு கல்யாணம்னு அவ ஒரு வார்த்தை கேக்கலை. கீழ போய்ப் பாருங்க, மூணு டப்பாப் பருப்புப்பொடி இடிச்சுக் கட்டி வெச்சிருக்கா, முறுக்கு சுட்டிருக்கா, தலைகாணி உறை ரெண்டு புதுசாத் தெச்சிருக்கா. கல்யாண வீட்டுக்கு யாருங்க தலைகாணி உறை கொண்டு போவாங்க? பொம்பளைங்களுக்கு வெவரமே பத்தாது.

பெங்களூர்ல சட்டம் என்னன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கலை. அவங்க என்ன பண்றாங்கன்னும் கேக்கப் போறதில்லை. உருளைய மாத்திட்டு, ஒரு கைப்பிடி ஓட்டிப் பாத்துட்டு, சாயங்கால வண்டிக்கே திரும்பிருவேன். அவ்வளவுதான்.

கெளம்பிட்டீங்களா? பாத்து எறங்குங்க. போன் பண்றேன்னு சொல்ல வேண்டாம் தம்பி, பரவால்ல. நீங்க இந்த வீட்டுக்கு வரப்போறதில்லைன்னு பாதியிலயே உங்க மொகத்துல தெரிஞ்சு போச்சு. ராஜாமணியக்காகிட்டப் பொய், பொண்டாட்டிகிட்டப் பொய், ஊருக்கே பொய். யாராவது ஒருத்தர்கிட்ட நெசத்தச் சொல்லணும்ல? திரும்பி வராத ஆளாத்தான் பாத்துச் சொல்ல முடியுது.